தினமும் நடக்கிறார், நிலத்தில் இருந்து எழும்ப முடியவில்லை: அறுபதுக்குப் பிறகு உடல் வளைவும் அன்றாட வேலையும்

காலை 5.30க்கு வெள்ளவத்தை மரைன் டிரைவில் நடப்பவர்களில் அறுபதைத் தாண்டிய பெண்கள் நிறையப் பேர். சேலைக்குக் கீழே சப்பாத்து, தோளில் சின்னப் பை, கையில் போன். பம்பலப்பிட்டிப் பக்கம் வரை போய்த் திரும்பி, வழியில் மரக்கறியும் வாங்கிக்கொண்டு, லிஃப்ட் வேலை செய்யாவிட்டால் மூன்றாம் மாடிக்குப் படியேறியும் போய்விடுவார்கள். சீனி, பிரஷர் இருந்தாலும் கட்டுப்பாட்டில் இருக்கும். இவர்களை யாரும் இயலாதவர்கள் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் இவர்களில் பலரிடம், நவராத்திரிக்குக் கோயில் மண்டபத்தில் நிலத்தில் இருந்து பார்ப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். "இருக்கலாம் பிள்ளை, பிறகு எழும்பத்தான் ஏலாது" என்ற பதில் வரும்.

இவ்வளவு நடக்கிறவருக்கு இது எப்படி நேர்கிறது? நடை உடம்பிடம் கேட்பது கொஞ்சம்தான் என்பதே காரணம். சமதரையில் நடக்க முழங்கால் 60, 70 பாகை மடிந்தால் போதும். தொடை 30 பாகை அளவு முன்னே வந்தால் போதும். கணுக்கால் 10 பாகை அளவு வளைந்தால் அடி எடுத்து வைத்துவிடலாம். தோள் உயரவே தேவையில்லை. கதிரையில் இருந்து எழும்பவோ முழங்கால் 90 பாகைக்கு மேல் மடிய வேண்டும். குதிக்கால் நிலத்தில் பதிய முழுதாகக் குந்த வேண்டுமென்றால் முழங்காலுக்கு 130 முதல் 150 பாகை, கணுக்காலுக்கு 30 பாகைக்கு மேல் வேண்டும். கொள்ளுப்பிட்டியில் இருந்து தெஹிவளை வரை நடந்தாலும் அந்த மூட்டுகள் தங்கள் முழு வீச்சை, அதாவது அசையக்கூடிய எல்லையை, ஒரு தடவைகூடத் தொட்டிருக்காது. தொடாத வீச்சு மெல்ல மெல்லக் கையை விட்டுப் போகும்.

கனடாவில் 55 முதல் 86 வயது வரையான 436 பேரை அளந்து 2013 இல் வெளியிட்ட ஆய்வொன்று இதை இலக்கத்தில் காட்டுகிறது. பெண்களில் கையைப் பக்கவாட்டில் உயர்த்தும் வீச்சு 10 ஆண்டுக்கு ஏறத்தாழ 6 பாகையும், தொடையை மடக்கும் வீச்சு 7 பாகையும் குறைந்திருந்தன. தோளைப் பொறுத்தவரை சரிவு பெண்களுக்கு 63 வயதளவில் தொடங்கியது. ஆண்களுக்கு 71 வயதளவில்தான் அது வேகம் பிடித்தது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு முடிவு: கடந்த ஓராண்டில் எவ்வளவு உடற்பயிற்சி செய்தார்கள் என்பதை வைத்து இந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை. சுறுசுறுப்பாக இருப்பதும் மூட்டு வளைவதும் தனித்தனி விஷயங்கள் போலத்தான் தெரிகிறது.

பட்டியலில் இல்லாத நிலம்

முதியவர் ஒருவர் தன் வேலையைத் தானே பார்க்கிறாரா என்று அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் பட்டியல்கள் பழையவை. அமெரிக்க மருத்துவர் சிட்னி கட்ஸ் 1963 இல் வெளியிட்டதில் ஆறு விஷயங்கள் உண்டு: குளிப்பது, உடுப்பது, கழிவறைக்குப் போவது, கட்டிலிலும் கதிரையிலும் இருந்து எழும்புவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. 1969 இல் லோட்டனும் பிரோடியும் இன்னும் எட்டைச் சேர்த்தார்கள். போன் எடுப்பது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைப் பார்ப்பது, உடுப்புத் தோய்ப்பது, பயணம், மருந்து, பணம். உலகம் முழுக்க இவை இன்னும் பரவலாகப் புழக்கத்தில் உள்ளன. மரைன் டிரைவில் நடக்கும் நம் பெண்கள் இரண்டிலும் முழுப் புள்ளி வாங்குவார்கள். ஆக, காகிதத்தில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

இரண்டு பட்டியலிலும் நிலம் இல்லை. கொழும்புத் தமிழ் பேசும் வீடுகளில் அன்றாடம் என்பது நிலத்தையும் சேர்த்ததுதான். செட்டியார் தெருக் கோயிலிலோ மயூரபதியிலோ அம்மனுக்கு முன்னால் தலை, இரு கை, இரு முழங்கால் நிலத்தில் பட விழுந்து கும்பிடுவது. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் முழந்தாளிடுவது. மருதானையிலும் கொம்பனித்தெருவிலும் ஐந்து நேரமும் தொழும் உம்மாமார். கட்டாயத் தொழுகை மட்டும் நாளுக்கு 17 ரக்அத். ஒவ்வொரு ரக்அத்திலும் நின்ற நிலையில் இருந்து குனிந்து, நெற்றி நிலத்தில் பட இறங்கித் திரும்ப வேண்டும். ஒரு பெண் எழுபது வயதிலும் கதிரை இல்லாமல் இதைச் செய்கிறார் என்றால், எந்த ஜிம் பயிற்றுநரும் அவருடைய தொடைத் தசையைப் பார்த்து வியக்கத்தான் வேண்டும். முடியாதவர்கள் இருந்து தொழ மார்க்கம் இடம் தருகிறது. கோயிலிலும் ஓரமாகக் கதிரை போட்டிருக்கிறார்கள். அது நல்லதுதான். ஆனால் அந்தக் கதிரைக்கு ஒருமுறை போனவர் திரும்ப நிலத்துக்கு வருவது அபூர்வம்.

குசினியிலும் இதே கதை. முன்பு திருவலையில் ஒரு காலை மடக்கி, முன்னே சரிந்து இருந்துதான் தேங்காய் திருவினார்கள். மேசை விளிம்பில் முறுக்கிப் பூட்டும் கைச்சுற்றுத் திருவலை வந்தது, பிறகு மின்சாரத்தில் ஓடுவதும் வந்தது. இப்போது பாக்கெட் தேங்காய்ப்பால். குந்தி இருந்து தோய்த்த உடுப்பை மெஷின் தோய்க்கிறது. குந்தும் கழிவறைக்குப் பதில் கொமோட். ஒவ்வொரு மாற்றமும் வசதிக்காக வந்தது, வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது, எனக்கும் வராது. கூட்டிப் பார்த்தால் மட்டும், முன்னர் நாளுக்குப் பத்துப் பதினைந்து தடவை நிலத்துக்குப் போய் வந்த உடம்பு இப்போது 43 சென்ரிமீட்டர் உயரத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை. கதிரை, கட்டில், கொமோட் எல்லாமே கிட்டத்தட்ட அந்த உயரம்தான்.

வீட்டுக்கு வெளியே நகரம் இரக்கம் காட்டாது. காலி வீதித் தனியார் பஸ்ஸின் முதல் படி பலருக்குக் கிட்டத்தட்ட முழங்கால் உயரம். ஒரு காலை அதில் வைத்து, கம்பியைப் பிடித்து, உடம்பை மேலே இழுப்பதற்குள் பஸ் நகரத் தொடங்கிவிடும். கண்டக்டர் உள்ளே போகச் சொல்லிக் கத்துவார். ஓட்டோவில் ஏறுவது இதற்கு நேர்மாறான வேலை: தலையைக் குனிந்து, இடுப்பைத் திருப்பி, ஒரு காலில் நின்று உள்ளே புக வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் நின்றபோது, ஜெனரேட்டர் இல்லாத அடுக்குமாடிகளில் எத்தனை மாமிமார் வீட்டுக்குள்ளேயே அடைபட்டார்கள் என்பது அங்கு இருந்தவர்களுக்குத் தெரியும். ஏறுவது மூச்சு வாங்கும், ஆனால் ஏறிவிடலாம். பயம் இறங்குவதில்தான். பின்காலின் முழங்காலும் கணுக்காலும் மடிந்து, தொடைத் தசை பாரத்தைத் தாங்கியபடி மெதுவாக விட்டுக்கொடுக்க வேண்டும். கணுக்கால் இறுகியிருந்தால் உடம்பு முன்னே தள்ளப்படும். 64 முதல் 87 வயது வரையான பெண்களை வைத்து 2000 இல் வெளிவந்த ஆய்வொன்றில், கணுக்கால் நன்றாக அசைந்தவர்களுக்குச் சமநிலையும் நன்றாக இருந்தது. கணுக்காலை நீட்டி மடக்கச் சொல்லித்தரும் பயிற்சி வகுப்பை நான் அதிகம் கண்டதில்லை. எல்லாருக்கும் கால் விரலைத் தொடுவதில்தான் ஆசை.

வீட்டிலேயே அளந்து பார்க்க

முழுப் புள்ளி வாங்குகிறவர்களிடம் ஒளிந்திருக்கும் சரிவைக் கண்டுபிடிக்கத்தான் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுல்லர்ட்டன் வளாகத்தில் ராபர்ட்டா ரிக்லியும் ஜெஸி ஜோன்ஸும் ஒரு பரிசோதனைத் தொகுதியை உருவாக்கினார்கள். 1999 இல் வெளிவந்த அவர்களுடைய அளவுகோல், 60 முதல் 94 வயது வரையான 7,000க்கும் மேற்பட்டவர்களை அளந்து பெற்றது. விலை உயர்ந்த கருவி ஒன்றும் தேவையில்லை. அதில் மூன்றை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

முதலாவது கதிரை. சுவரோடு ஒட்டி வைத்த, கைப்பிடி இல்லாத கதிரையில் இருந்து, இரண்டு கையையும் மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழும்பி இருக்க முடிகிறது என்று எண்ணுவது. 65 முதல் 69 வயதுப் பெண்களில், மிகக் குறைந்த காற்பங்கையும் மிகக் கூடிய காற்பங்கையும் விட்டால், நடுவில் வந்த பாதிப் பேர் 11 முதல் 16 தடவை எழும்பினார்கள். 70 முதல் 74 வயதில் 10 முதல் 15. 80 முதல் 84 இல் 9 முதல் 14. கையை ஊன்றாமல் ஒருமுறைகூட எழும்ப முடியாவிட்டால் எண்ணிக்கை பூச்சியம். மரைன் டிரைவில் வேகமாக நடக்கும் ஒருவருக்குக்கூட அது நேரலாம்.

இரண்டாவது முதுகு. ஒரு கையைத் தோளுக்கு மேலால் முதுகில் இறக்கி, மற்றக் கையை இடுப்புப் பக்கமாக மேலே கொண்டுவந்து, இரண்டு நடுவிரலுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று இன்னொருவர் அளக்க வேண்டும். 60 முதல் 64 வயதுப் பெண்களில் நடுப்பகுதியினர் ஏழரைச் சென்ரிமீட்டர் இடைவெளியில் இருந்து, விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று நாலு சென்ரிமீட்டர் அளவு ஏறும் வரை இருந்தார்கள். கொண்டை கட்டுவதும், பின்னால் கொக்கி பூட்டுவதும், குளிக்கும்போது முதுகில் சவர்க்காரம் போடுவதும் இந்த அசைவில்தான் நடக்கின்றன. "இப்ப முடியைக் கட்டையாக வெட்டிப் போட்டன், லேசு" என்று சொல்லும் அன்ரிமார் சிலருக்குப் பின்னால் இருப்பது ஃபாஷன் இல்லை, தூக்க முடியாத தோள்.

மூன்றாவது, கதிரையின் விளிம்பில் இருந்து ஒரு காலை நீட்டி, குதியை நிலத்தில் ஊன்றி, கால் விரலை நோக்கிக் கையை நீட்டுவது. பின்தொடையும் கீழ்முதுகும் எவ்வளவு விட்டுக்கொடுக்கின்றன என்று இதில் தெரியும். சப்பாத்து நாடா கட்டவும் கால் நகம் வெட்டவும் இது தேவை. சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் கால் நகம் வெட்டுவதும் பாதத்தின் அடியில் புண் இருக்கிறதா என்று பார்ப்பதும் அலங்கார வேலை இல்லை, காலைக் காப்பாற்றும் வேலை. தன் பாதத்தைத் தானே பார்க்க முடியாத ஒருவருக்குப் புண் பெருத்த பிறகுதான் தெரியவரும்.

இந்த மூன்றிலும் நல்ல மதிப்பெண் வந்தாலும் நிலத்துக்கு இறங்கி எழும்புவது அளக்கப்படவில்லை. அதற்கு பிரேசிலில் கிளாடியோ கில் அராவ்ஜோ வைத்திருக்கும் பரிசோதனை பொருத்தம்: நின்றபடி இறங்கி நிலத்தில் இருக்க வேண்டும், பிறகு திரும்ப எழும்ப வேண்டும். மொத்தம் 10 புள்ளி. கை, முழங்கால், முழங்கை என்று எதை ஊன்றினாலும் ஒரு புள்ளி போகும். 51 முதல் 80 வயது வரையான 2,002 பேரைப் பின்தொடர்ந்து 2012 இல் வெளியிட்டதில், 3 புள்ளியும் அதற்குக் குறைவும் எடுத்தவர்கள் இறக்கும் வாய்ப்பு, 8 முதல் 10 வரை எடுத்தவர்களைவிட 5 மடங்குக்கு மேல் இருந்தது. அதே குழு 2024 இல் 46 முதல் 65 வயது வரையான 3,139 பேரின் மூட்டு வளைவை மட்டும் எடுத்துப் பார்த்தபோதும் குறைவாக வளைந்தவர்களே அதிகம் இறந்திருந்தார்கள். பெண்கள் ஆண்களைவிட ஏறத்தாழ 35 சதவீதம் அதிகம் வளைந்தார்கள் என்பதும் அதில் உண்டு.

இந்தச் செய்தி வந்ததும் வாட்ஸ்அப்பில் "வளையாதவர்கள் சீக்கிரம் போய்விடுவார்கள்" என்று சுற்றும். அவசரப்பட வேண்டாம். நோய், எடை, தசைக் குறைவு எல்லாம் உடம்பை இறுக்கவும் செய்யும், ஆயுளைக் குறைக்கவும் செய்யும். வளைவைக் கூட்டினால் ஆயுள் கூடும் என்று இந்த ஆய்வுகள் காட்டவில்லை. எழும்ப முடியாத நிலை உடம்பில் ஏதோ சரியில்லை என்பதற்கு அறிகுறி, அவ்வளவுதான்.

நீட்டி நிமிர்த்தினால் சரியாகுமா?

சரி, உடம்பு இறுகிவிட்டது, தினமும் நீட்டல் பயிற்சி செய்தால் நிலத்தில் இருக்கலாமா? யூடியூபில் இதற்கென்றே ஆயிரம் காணொளி. ஆய்வுகள் இவ்வளவு உற்சாகமாக இல்லை. முதியோரின் நீட்டல் பயிற்சியையும் அன்றாட இயக்கத்தையும் பற்றிய 22 ஆய்வுகளை 2012 இல் ஒன்றாக வைத்துப் பார்த்த கனடாக் குழு, மூட்டு வீச்சு கூடுவதைக் கண்டது. அதனால் நடை, எழும்புதல் போன்ற வேலைகள் மேம்படுகின்றனவா என்பதில் ஒரே முடிவுக்கு வர முடியவில்லை.

இன்னொரு சான்று ஒரு பெரிய பரிசோதனையின் ஓரத்தில் கிடக்கிறது. அமெரிக்காவில் லைஃப் ஆய்வு என்ற பெயரில், அதிகம் அசையாத 70 முதல் 89 வயது வரையான 1,635 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். ஒரு குழுவுக்கு நடை, தசை வலுப் பயிற்சி, சமநிலை, கொஞ்சம் நீட்டல். மற்றக் குழுவுக்குச் சுகாதார வகுப்பும், வகுப்பு முடிவில் சில நிமிடம் கைகளை நீட்டும் பயிற்சியும். சராசரியாக 2.6 ஆண்டு கழித்து, 400 மீட்டர் நடக்க முடியாமல் போனவர்கள் முதல் குழுவில் 30.1 சதவீதம், இரண்டாவதில் 35.5 சதவீதம். 2014 இல் இது வெளிவந்தபோது எல்லாரும் உடற்பயிற்சியின் வெற்றி என்று எழுதினார்கள். உண்மைதான். ஆனால் தோற்ற குழு செய்தது என்ன என்று பாருங்கள். கையை நீட்டி மடக்கும் பயிற்சியை ஆய்வாளர்களே காலின் நடைக்கு உதவாது என்று நினைத்துத்தான் ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது.

ஏன் நீட்டல் மட்டும் போதாது என்பதற்கு உடலியல் விளக்கம் இருக்கிறது. சில வாரம் நீட்டியதும் கை கூடுதல் தூரம் போகிறதே, அதில் பெரும்பகுதி தசை நீண்டதால் வருவதில்லை. அந்த இழுவையை நரம்பு மண்டலம் சகித்துக்கொள்ளப் பழகுகிறது. வீச்சு கிடைத்துவிடுகிறது, ஆனால் அந்த வீச்சின் கடைசியில் பாரத்தைத் தூக்கும் பலம் கிடைப்பதில்லை. குந்துவதற்கு வீச்சு வேண்டும், குந்தியதில் இருந்து எழும்பத் தொடையிலும் பிட்டத்திலும் பலம் வேண்டும். வயது போகப் போகத் தசையின் பலத்தைவிட, அந்தப் பலத்தைச் சட்டென்று காட்டும் வேகம் இன்னும் விரைவாகக் குறைகிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் இறங்குவது பெண்களின் தசைக்கும் எலும்புக்கும் கூடுதல் அடி.

மறுபக்கம், முழு வீச்சில் பாரம் தூக்கினால் வளைவும் கூடவே வருகிறது. 2021 இல் 11 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பலப் பயிற்சி செய்தவர்களுக்கும் நீட்டல் செய்தவர்களுக்கும் மூட்டு வீச்சு கூடியதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இந்த வயதில் பலம் கூடுமா என்ற சந்தேகத்துக்கு 1990 லேயே பதில் வந்துவிட்டது: பொஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதளவில் இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கனமான கால் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஆக, அறுபத்தைந்து வயது அன்ரி "எனக்கு இனி எங்க" என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இறுக்கம் எல்லாமே வயதால் வருவதும் இல்லை. கொழும்பில் சீனி வருத்தம் இல்லாத வீடு குறைவு. இரத்தத்தில் சீனி பல ஆண்டு கூடியிருந்தால், தசைநாணிலும் மூட்டு உறையிலும் உள்ள கொலாஜன் என்ற புரத இழைகளில் அது ஒட்டி, இழைகளைக் குறுக்கே பிணைத்துவிடும். நாட்பட்ட ரப்பர் பட்டி மாதிரி அவை விறைத்துப்போகும். இதைப் பார்க்க மருத்துவர் உங்களைக் கும்பிடச் சொல்வார். உள்ளங்கையும் விரல்களும் முழுதாக ஒட்டாமல் நடுவில் இடைவெளி தெரிந்தால், கை மூட்டுகள் பாதிக்கப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம். தோள் இறுகிப்போகும் ஃபுரோசன் ஷோல்டரும் சீனி உள்ளவர்களுக்குப் பல மடங்கு அதிகம். அதற்கு வலியைப் பொறுத்துக்கொண்டு இழுப்பது தீர்வு ஆகாது. வைத்தியரிடம் காட்ட வேண்டும், சீனியைக் கட்டுப்படுத்த வேண்டும்.

கூனும் தோளைக் கெடுக்கும். இதை இப்போதே செய்து பார்க்கலாம்: கதிரையில் நன்றாகக் கூனி இருந்துகொண்டு இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். காது வரை வராமல் நிற்கும். நிமிர்ந்து இருந்து திரும்பத் தூக்குங்கள். அலுமாரியின் மேல்தட்டு எட்டவில்லை என்றால் குறை தோளில்தான் என்று முடிவு கட்ட முன், முதுகைப் பார்க்க வேண்டும்.

விழுந்தவர் எழும்ப

நிலத்தில் இருப்பது கோயிலுக்கும் குசினிக்கும் மட்டும் என்றால் கதிரையோடு சமாளித்துவிடலாம். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 72 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த குழு 1993 இல் எழுதியது வேறு விதமாக யோசிக்க வைக்கிறது. விழுந்தும் பெரிய காயம் படாத 313 பேரில் 47 சதவீதமானோர் குறைந்தது ஒரு தடவையாவது தாமாக எழும்ப முடியாமல் கிடந்திருக்கிறார்கள். எலும்பு முறியவில்லை, ஆனால் எழும்ப வழி தெரியவில்லை. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 சதவீதம். அவர்களில் பெண்கள்தான் கூட, பெண்கள்தான் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகள் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்க, ஃப்ளாட்டில் தனியே இருக்கும் அம்மாமார் எத்தனை பேர். குளியலறையில் விழுந்தால் போன் அறையில் இருக்கும்.

எழும்புவதற்கு முறை உண்டு. மல்லாக்கக் கிடந்தபடி நேராக எழும்ப முயல்வதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. அதற்கு வயிற்றுத் தசை மிக அதிகம் வேண்டும். முதலில் மூச்சை விட்டு, எங்கே நோகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு முழங்காலை மடித்து ஒரு பக்கம் புரள வேண்டும். மேலே உள்ள கையால் நிலத்தை ஊன்றி, முழங்கையில் இருந்து கையின் மேல் வந்து, தவழும் நிலைக்கு வர வேண்டும். கதிரையோ கட்டிலோ இருக்கும் பக்கம் தவழ்ந்து போய், இரண்டு கையையும் அதில் வைத்து, பலமான காலின் பாதத்தை முன்னே நிலத்தில் ஊன்ற வேண்டும். மற்ற முழங்கால் நிலத்தில்தான் இருக்கும். இப்போது கையாலும் முன்காலாலும் ஒன்றாகத் தள்ளி எழும்பி, அப்படியே திரும்பிக் கதிரையில் இருந்துவிட வேண்டும். உடனே நடக்கப் போகக் கூடாது, தலை சுற்றலாம்.

இதை விழுந்த அன்று கற்க முடியாது. பிசியோதெரபி செய்பவர்கள் இதைத் தலைகீழாகச் சொல்லித்தருவார்கள்: நின்ற நிலையில் கதிரையைப் பிடித்து ஒரு காலைப் பின்னே வைத்துப் பழகுவது. அது வந்ததும் தலையணைமேல் ஒரு முழங்காலை இறக்குவது. பிறகு இரண்டையும். பிறகு தவழும் நிலை. பிறகுதான் பக்கவாட்டில் சரிந்து இருப்பது. எந்தப் படியில் முடியவில்லையோ அங்கேயே சில நாள் நின்று, திரும்பி எழும்பலாம். வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரத்தில் செய்வது நல்லது.

எல்லாருக்கும் எல்லாம் பொருந்தாது

எலும்புத் தேய்வு, அதாவது எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் ஒஸ்டியோபொரோசிஸ், உள்ளவர்கள் கால் விரலைத் தொடும் பயிற்சியில் கவனமாக இருக்க வேண்டும். 1984 இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்து வந்த சின்ன ஆய்வொன்று இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. முதுகெலும்பு தேய்ந்த 59 பெண்களில், முன்னே வளையும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதமானோருக்குப் புதிதாக முள்ளெலும்பு நசிந்திருந்தது. முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம். உயரம் குறைந்திருந்தால், காரணமில்லாமல் நடுமுதுகு நோகத் தொடங்கினால், குனியும் பயிற்சிக்கு முன் எலும்பைப் பார்த்துவிட வேண்டும். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் எவ்வளவு மடிக்கலாம் என்று சத்திரசிகிச்சை செய்தவரிடமே கேட்க வேண்டும்.

முழங்கால் தேய்வு உள்ளவர்களிடம் "இனி நிலத்தில் இருக்காதீர்கள்" என்று வைத்தியர் சொல்வது வழக்கம். வீங்கிச் சூடாக இருக்கும் முழங்காலுக்கு அது சரியான சொல். சிக்கல் என்னவென்றால், ஒரு மாதத்துக்குச் சொன்னதை ஆயுளுக்கும் எடுத்துக்கொள்வது. வீக்கம் வற்றியதும் எவ்வளவு மடிக்கலாம், எதைப் பலப்படுத்தலாம் என்று இரண்டாவது தடவை கேட்பவர்கள் குறைவு. கேளுங்கள். தேசிய வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளிலும் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. வைத்தியர் அனுப்பினால் காசு இல்லாமல் பார்க்கலாம்.

உலக சுகாதார அமைப்பு 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான அசைவோடு, சமநிலையும் பலமும் கலந்த பயிற்சி மூன்று நாளாவது வேண்டும் என்கிறது. நடப்பவர்களுக்கு முதல் பாதி ஏற்கனவே கிடைத்துவிட்டது. மற்றதைத் தனி வகுப்பாகத் தேட வேண்டியதில்லை. தொலைக்காட்சி நாடகத்தின் விளம்பர இடைவேளையில் கையை ஊன்றாமல் கதிரையில் எழும்பி இருக்கலாம். குசினி மேடையைப் பிடித்துக் குதிக்காலைத் தூக்கி இறக்கலாம். ஒரு காலைப் பின்னே வைத்து, குதி நிலத்தில் பதிய, முன்னே சாய்ந்து நின்றால் கணுக்கால் இளகும். நீட்டலைப் பொறுத்தவரை பொறுமைதான் தேவை: 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் 15, 30, 60 விநாடி என்று மூன்று விதமாகப் பிடித்துப் பார்த்த 2001 ஆய்வில், 60 விநாடி பிடித்தவர்களுக்கே பின்தொடை அதிகம் விட்டுக்கொடுத்தது. நாலு தடவை, வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம். இளையவர்களைப் போல எண்ணி முடித்து விட்டுவிட்டால் போதாது.

நிலத்துக்கு இறங்கும் பயிற்சியைச் சாமி அறையிலேயே வைத்துக்கொள்வது பலருக்குச் சுலபம், நேரம் ஒதுக்க வேண்டிய அவசியம் இல்லை. முதலில் பக்கத்தில் கதிரை. அடியில் மடித்த போர்வை, கொஞ்ச நாள் போனதும் அதன் மடிப்பு ஒவ்வொன்றாகக் குறையலாம். சம்மணம் வராவிட்டால் கால் நீட்டி இருக்கலாம், ஒருக்களித்தும் இருக்கலாம். எந்த நிலையில் இருக்கிறோம் என்பதைவிட எழும்பும்போது கையில் எவ்வளவு பாரம் போடுகிறோம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகு மீண்டும் அளந்தால், பெரும்பாலும் முதலில் ஏறுவது கதிரை எண்ணிக்கை. முதுகுக்குப் பின்னால் விரல்களுக்கு இடையிலான தூரம் கடைசியாகத்தான் குறையும், சிலருக்கு அது அப்படியே நிற்கவும் கூடும்.